வலது முழங்கை பற்றி இருபத்திரண்டு பக்கம்

நான் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் ஒரு தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர் மட்டையை வீசுவதில் என்னென்ன தவறுகள் இருக்கின்றன என்று விளக்கும் இருபத்திரண்டு பக்க அறிக்கை ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான். சரிபார்க்க வேண்டியவர் அன்று லீவு.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் வண்டிகளுக்கான பற்சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். செய்த பொருள் வரைபடத்தில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவளிடம் யாரும் ஆசையாகப் பேச வருவதில்லை. கேன்டீனில் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும். பக்கத்து நாற்காலியும் காலியாக இருக்கும்.

எங்கள் முதலாளிக்கு அறுபதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். வெறுமனே நடப்பது அவருடைய சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. நடக்கிற நேரத்தில் வேறு ஒரு காரியமும் ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டார். மூன்றே மாதத்தில் சட்டை, தொப்பி, கையுறை, பை நிறைய மட்டைகள், அந்த மட்டைகளைப் பற்றிப் பேசுவதற்கு நான்கு நண்பர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. பந்து மட்டும் ஒத்துழைக்கவில்லை. அடித்தவுடன் ஒழுங்காகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங்கில், போன வாரம் கழித்த பொருட்களின் பட்டியலை வாசித்து முடித்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார், அந்தத் தமிழில் பாதி கன்னடமும் மீதி இங்கிலீஷும் இருக்கும்.

“மேடம், ஒரு மெஷின்லேர்ந்து பத்து பீஸ் வருது. அதுல எட்டு ரைட் சைடுக்கே போயிடுது. என்ன பண்ணுவீங்க?”

“மெஷினை நிறுத்துவேன் சார்.”

உற்பத்தி மேலாளர் சிரித்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரியும் போலிருக்கிறது. முதலாளி சிரிக்கவில்லை.

“நிறுத்தக் கூடாது மேடம். ரூட் காஸ் கண்டுபிடிக்கணும், அல்வா?”

‘இல்லையா’ என்று கேட்பதற்கான கன்னடச் சொல் அது. அவர் வாயிலிருந்து வரும்போது அதில் கேள்வி எதுவும் இருக்காது. இப்படியாக அவருடைய கோல்ஃப் பந்து என்னுடைய துறைக்கு வந்து சேர்ந்தது.

எங்களிடம் ஒரு அதிவேக கேமரா இருந்தது. இரும்பைக் கடையும்போது சீவல் எப்படி உடைகிறது என்று பார்க்க வாங்கியது. இரண்டு முறை பார்த்தோம், சீவல் எதிர்பார்த்தபடியே உடைந்தது, கேமராவைப் பெட்டியில் வைத்துவிட்டோம். அதை எடுக்கச் சொன்னார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க மாஸ்டர் வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் மாஸ்டர் என்பது அளவு பிசகாமல் செய்து பூட்டி வைத்திருக்கும் மாதிரிப் பொருள். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு சொல்வோம்.

“என் கோச் வருவான். புரொஃபஷனல் பிளேயர். அவன்தான் மாஸ்டர். அவன் ஸ்விங் எடுங்க, என் ஸ்விங் எடுங்க, டிஃபரன்ஸ் சொல்லுங்க. ஆய்து, முடிஞ்சது.”

அடுத்த சனிக்கிழமை காலையில் லாரி நிற்கும் முற்றத்தைக் காலி செய்தார்கள். பராமரிப்புப் பிரிவு ஆட்கள் இரண்டு கம்பங்கள் நட்டு, கொசுவலையைவிடக் கெட்டியான ஒரு வலையை மூன்று மடிப்பாகக் கட்டினார்கள். ஓவர்டைம் இல்லாமலே பாதித் தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்தது. பத்து மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. இரண்டு கால்களுக்கும் நடுவில் மட்டைப் பையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். ஒல்லி. முகம் நல்ல கறுப்பு. இடது கையைவிட வலது கை இன்னும் கறுப்பு, ஏனென்றால் இடது கையில் எப்போதும் கையுறை.

நான் கேமராக்காரரிடம் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், நீங்க எந்த ஏரியா?”

“இப்ப அல்சூர். பொறந்தது வளந்ததெல்லாம் நீலசந்திரா.”

“அட, நம்ம நீலசந்திராவா! மார்க்கெட்டு பக்கமா? நா குவார்ட்டர்ஸ் பின்னாடி.” அதற்குப் பிறகு நான் மேடம் இல்லை, அக்கா.

அவருடைய அப்பா கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை பார்த்தவர். சின்ன வயதில் இவரும் அங்கே மட்டைப் பை தூக்கியிருக்கிறார். பிறகு ஆடக் கற்றுக்கொண்டு, தகுதிப் போட்டியில் தேறி, தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போவார், போட்டி இல்லாத நாட்களில் எங்கள் முதலாளி மாதிரியான ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

உடம்பின் மூட்டுகள் கேமராவில் தெரிய வேண்டும் என்பதற்காக தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். ஸ்டோரில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. சிவப்புதான் ஒரு ரோல் முழுசாக இருந்தது. ஒட்டும்போது அவர் குனிந்து பார்த்தார்.

“இது எதுக்குக்கா?”

“அளக்கறதுக்குப்பா.”

“அதில்ல. இதுல என்னவோ எழுதியிருக்கே.”

“ரிஜெக்ட்டட்னு எழுதியிருக்கு. அத கண்டுக்காதீங்க.”

அவர் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் நாற்பது பந்து அடித்தார். நாற்பதும் வலையில் ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வலை அங்கே உப்பிப்போய் நின்றது. லேத் ஓட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். பிறகு முதலாளி அடித்தார். அவர் நாற்பது அடிக்கவில்லை. பதினேழாவது பந்து வலையையே சந்திக்காமல் போய் கம்ப்ரஸர் ஷெட்டின் தகரத்தில் பள்ளம் போட்டதும், டேட்டா போதும் என்று சொல்லிவிட்டார். யாரும் கை தட்டவில்லை. சிரிக்கவும் இல்லை, அதற்குத்தான் அன்று அவர்கள் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

அடுத்த இரண்டு வாரம் மதியத்துக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படங்களைப் பார்த்தேன். கேமரா எடுத்ததை மெதுவாக ஓட்டினால் ஒரு வீச்சு முடிய ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகும். மட்டை தரையை விட்டு எழுவதிலிருந்து, பின்னால் போய், தலைக்கு மேல் நின்று, இறங்கி, பந்தைத் தொட்டு, இடது தோளுக்குப் பின்னால் போய் முடிவது வரை அந்த ஆட்டக்காரருடைய உடம்பு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. என் கணவருடைய தோள்பட்டையை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னபோது, “நல்லது, எனக்கு ரிப்போர்ட் போடாம இருந்தா சரி” என்றார்.

பார்க்கப் பார்க்க எனக்குக் குழப்பம் வந்தது. முதலாளி ஒரு பாடத் தொகுப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் கணினியில் வரைந்த ஒரு பொம்மை மனிதன் எட்டு நிலைகளில் மட்டையை வீசுவான். எது சரியான வீச்சு என்பதற்கு அவன்தான் வரைபடம். நம் ஆள் அந்தப் பொம்மையைப் போல இல்லவே இல்லை. மட்டை மேலே போகும்போது பொம்மையின் வலது முழங்கை விலாவை ஒட்டி, தரையைப் பார்த்து இருக்கும். இவருடைய முழங்கை விலாவை விட்டுக் கோழி இறக்கை மாதிரி வெளியே பறந்தது. தலை அசையக் கூடாது. இவருடைய தலை மூன்று விரல்கடை இறங்கி ஏறியது. மட்டையின் முகம் வானத்தைப் பார்த்தது. இடது குதிகால் தூக்கிக்கொண்டது.

மாஸ்டர் என்று கொண்டுவந்த பொருளே அளவில் இல்லையென்றால் என்ன செய்வது? பதினெட்டு வருடப் பழக்கம். எழுதினேன். வீச்சின் எட்டு நிலைகளில் உடம்பில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகப் போட்டு, பொம்மையோடு ஒத்துப்போகாத ஒவ்வொன்றுக்கும் ஒரு குறைபாடு என்று கணக்கு வைத்தேன். தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பதினோரு குறைபாடுகள். பிறகு முதலாளியின் வீச்சைப் பார்த்தேன். அவருடைய பதினேழு வீச்சுகளில் எதை எடுப்பது என்று கேட்டதற்கு, “பெஸ்ட் எதுவோ அத எடுங்க” என்று அவரே ஒன்றைக் காட்டினார். பந்து எங்கே போனது என்பதை வைத்து அல்ல, தான் அதில் எப்படித் தெரிகிறோம் என்பதை வைத்து. தினமும் காலையில் அந்தப் பொம்மையைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறவர் அவர். முழங்கை விலாவை ஒட்டி இருந்தது. தலை சிலை மாதிரி நின்றது. அவருக்கு ஏழு குறைபாடுகள்.

இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

அறிக்கையைக் கொடுத்தபோது முதலாளி முதல் பக்கத்தைப் படித்தார், கடைசிப் பக்கத்தைப் படித்தார், எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம், எனக்கு ஏழு. அவனுக்கு லெவன்.”

“ஆமா சார். ஆனா அவரோட பந்து...”

“பந்து ரிசல்ட் மேடம். நாம பிராசஸ் பாக்கறோம். பிராசஸ் சரியா இருந்தா ரிசல்ட் தானா வரும். நீங்கதானே டிரெயினிங்ல சொல்வீங்க?”

நான்தான் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, படம் போட்டு.

அறிக்கையைச் சுருள்கம்பி போட்டு பைண்ட் செய்து ஐந்து பிரதிகள் எடுக்கச் சொன்னார். நான்கு அவருடைய கோல்ஃப் நண்பர்களுக்கு. ஐந்தாவதை கிளப்பில், அந்த நான்கு பேர் முன்னிலையில், ஆட்டக்காரருக்கே கொடுத்திருக்கிறார். நல்லெண்ணத்தில்தான். “திருத்திக்கோ, உனக்கு இன்னும் மேலே போக சான்ஸ் இருக்கு” என்று தோளில் தட்டிச் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து எனக்கு போன் வந்தது.

“அக்கா, நான்தான். பத்தாவது பக்கத்துல என் முழங்கை வெளிய போவுதுன்னு போட்டிருக்கீங்க. எவ்ளோ உள்ள கொண்டாரணும்?”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருடத்தில் நான் எழுதிய எந்த அறிக்கையையும் யாரும் பத்தாவது பக்கம் வரை படித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “நாலு விரல்” என்றேன். பொம்மைக்கும் அவருக்கும் படத்தில் தெரிந்த வித்தியாசம் அது. அந்த நான்கு விரலைக் குறைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

“சின்னதுல ஒரு மெம்பர் தூக்கிப் போட்ட மட்டைலதான்க்கா கத்துக்கிட்டேன்” என்றார் அவர். “என்னைவிட ஒசரம். முழங்கைய வெளிய வுட்டாதான் தூக்கவே முடியும். அப்டியே நின்னுபோச்சு. யாரும் சொல்லல. இப்பதான் நீங்க சொல்றீங்க.”

“பழகினா சரியாயிடும்” என்றேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பேசினார். தன் மனைவியை விட்டு போனில் வீடியோ எடுத்து அனுப்புவார். நான் சாப்பாட்டு இடைவேளையில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். முழங்கை மெல்ல மெல்ல உள்ளே வந்தது. மூன்று விரல், இரண்டு விரல். குறைபாடுகள் பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கின. எங்கள் தொழிற்சாலையில் எந்த இயந்திரமும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. போட்டிகளில் எப்படி ஆடுகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது ரிசல்ட், நாங்கள் பிராசஸ் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்புக்கும் குடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். லேசான தூறல். ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். கையில் பூசைப் புத்தகம், இடுப்பை ஒட்டி ஒரு சின்னப் பெண் குழந்தை.

“நீங்கதானே ரிப்போர்ட் அக்கா?”

“என்னம்மா?”

“எங்க வீட்ல உங்கள அப்டிதான் சொல்றது. ரிப்போர்ட் அக்கா போன் பண்ணாங்க, ரிப்போர்ட் அக்கா கோடு போட்டு அனுப்புனாங்க.” குரலை உயர்த்தவில்லை. அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. உயர்த்தாமலே கண்டிக்கத் தெரிந்திருந்தது. “நாந்தான் வீடியோ எடுக்கறது.”

நான் சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மொத ரெண்டு நாள் நல்லா ஆடுனாதான் மூணாம் நாள் ஆட வுடுவாங்க, தெரியுமா உங்களுக்கு? இப்ப ஆறு போட்டியா ரெண்டாம் நாளே பைய தூக்கிக்கினு வீட்டுக்கு வந்துடறாரு. முன்ன அப்டி இல்ல. பெருசா ஜெயிக்க மாட்டாரு, ஆனா கடைசி நாளு வரைக்கும் நிப்பாரு.”

“அய்யோ, எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.”

“உங்ககிட்ட எப்டி சொல்வாரு? நீங்க எட்டுக்கு வந்துடுச்சு, வெரி குட்னு மெசேஜ் போடறீங்க.” குழந்தையின் தலையில் விழுந்த தூறலைத் துடைத்தாள். “ராத்திரி ஜெபத்துல சிலுவை போடறவரு பாதில நிறுத்தி முழங்கை எங்க இருக்குன்னு பாக்கறாரு. பல்லு வெளக்கும்போது பாக்கறாரு. முன்ன பந்த பாத்து அடிப்பாரு. இப்ப கைய பாத்து அடிக்கறாரு. பேஜாரா இருக்குக்கா. தப்புன்னு எழுதுனீங்க இல்ல, சரின்னு மாத்தி எழுதிக் குடுங்க.”

“அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா. டேட்டா என்ன சொல்லுதோ...”

“டேட்டா யாரோடது? அவரு கைதானே?”

மழை வலுக்கிறது என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

திங்கட்கிழமை அந்த நாற்பது வீச்சுகளையும் மறுபடி திறந்தேன். அவள் கேட்ட மாதிரி மாற்றி எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. நான் சரி என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் திறந்தேன். இந்த முறை பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய நாற்பது படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மட்டை பந்தைத் தொடுகிற அந்த ஒரு கணத்தில் நாற்பது மட்டைகள் இல்லை. ஒன்றுதான் இருந்தது. கோடு கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். பறக்கிற முழங்கைகூட நாற்பது தடவையும் ஒரே இடத்துக்குத்தான் பறந்தது. தலை நாற்பது தடவையும் அதே மூன்று விரல்கடைதான் இறங்கியது. முழங்கை வெளியே போனதால் வந்த பிசகை, வானம் பார்த்த மட்டை முகம் நேர் செய்தது. அதில் மிச்சமிருந்ததைக் குதிகால் பார்த்துக்கொண்டது. நான் பதினொன்று என்று எண்ணியவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. அவற்றில் மூன்றை நான் பிடுங்கியிருந்தேன்.

முதலாளியின் படங்களையும் அப்படியே வைத்தேன். பதினேழு மட்டைகள் விசிறி மாதிரி விரிந்தன.

எங்கள் வரைபடங்களில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருக்கும். அது தவறினால் மட்டும்தான் வண்டி நின்றுபோகும் என்று அர்த்தம். மற்ற அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். எதற்கு முக்கோணம், எதற்கு இல்லை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எண்ணுகிற ஆளை மூன்று மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம். அவர் இப்போது ஸ்டோரில் இருக்கிறார். என்னைப் பார்த்தால் இன்றும் வணக்கம் சொல்வதில்லை.

புதிய அறிக்கை இரண்டே பக்கம் வந்தது. வீச்சு சீராக இருக்கிறது, எதையும் மாற்ற வேண்டாம், முந்தைய அறிக்கை ரத்து. முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் முழுசாகப் படித்தார்.

“இதுல எனக்கு எத்தன?”

“இதுல எண்ணிக்கை இல்ல சார். உங்க வீச்சு ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது. அதுதான் ரூட் காஸ்.”

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். கம்ப்ரஸர் ஷெட் அங்கிருந்து தெரியும்.

“ஃபைல்ல போடுங்க மேடம்” என்றார். பிரதி எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு பிரதி நானே எடுத்தேன். புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு கோல்ஃப் கிளப்புக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, மெம்பரா, மெம்பரின் விருந்தாளியா என்று கேட்டார். ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னேன். “ஓ, அவரா? அவரு மெம்பர் இல்லம்மா, சைடு கேட்டுல போங்க” என்றார். பந்து அடித்துப் பழகும் இடத்தின் பின்னால், ஊழியர்கள் சாப்பிடும் தகரக் கொட்டகையில் அவரைப் பார்த்தேன். எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

“அப்ப நா முன்ன அடிச்சதே சரியாக்கா?”

“சரிதான்ப்பா. நான்தான் தப்பா அளந்துட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். எதற்குக் கோபப்பட வேண்டுமோ அதற்கு அவர் கோபப்படவில்லை. “மெம்பருங்க முன்னாடி குடுத்தாங்களே, அந்த அஞ்சு புக்கு. இத யாருக்கும் குடுக்க மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அவரே தொடர்ந்தார். “சரி வுடுங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. பழைய மாதிரி அடிக்கணும்னா என்ன பண்ணணும்?”

“முழங்கைய மறந்துடுங்க.”

“எப்டி?”

தவறான பொருளை எப்படித் திருத்துவது என்பதற்கு எங்களிடம் படிவம் உண்டு. தெரிந்துகொண்டதை எப்படித் தெரியாமல் ஆக்குவது என்பதற்கு இல்லை. “தெரியலப்பா” என்றேன். அவரிடம் நான் சொன்னவற்றில் முழு நிச்சயத்தோடு சொன்னது அது ஒன்றுதான்.

அவர் முயன்றார். வேண்டுமென்றே முழங்கையை வெளியே விட்டுப் பார்த்தார்; வேண்டுமென்று விட்டால் அது வேறு இடத்துக்குப் போனது. அடுத்த வருடம் இன்னும் நான்கு போட்டிகளுக்குப் போனார். பிறகு வெளியூர் போவதை நிறுத்திக்கொண்டார்.

இதற்கு மேல் நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பேன். எங்கள் முதலாளியும் அந்த நான்கு நண்பர்களும் சேர்ந்து சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். ‘அறிவியல் முறையில் வீச்சுப் பகுப்பாய்வு’ என்று வாசலில் பலகை. தலைமைப் பயிற்சியாளர் நம் ஆள். சுற்றிலும் அடுக்குமாடிகள், அவை நிறைய மென்பொருள்காரர்கள். சும்மா மட்டையைப் பிடித்து அடி என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்காது. எண் வேண்டும், கோடு வேண்டும், பக்கவாட்டில் பொம்மை வேண்டும். அவர் எல்லாவற்றையும் கொடுக்கிறார். ஒரு மாதம் முன்பே சொன்னால்தான் சனிக்கிழமையில் இடம் கிடைக்கும் என்கிறார்கள். முதலாளி மட்டும் அங்கே அடிப்பதில்லை. முழங்கால் வலி என்று நீச்சலுக்கு மாறிவிட்டார்.

போன வருடம் மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் அந்தப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு, வழியில் அங்கே எட்டிப் பார்த்தோம். ஆட்டக்காரர் ஒரு பெண்மணிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனி ஒன்றில் மேலாளராம். திரையில் அவளுடைய படத்தை நிறுத்தி, மஞ்சள் கோடு போட்டு, இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். உடம்பு பருத்திருந்தது. தொப்பி நல்ல தொப்பி. அவள் ஒவ்வொன்றையும் போனில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

“அந்தம்மாவுக்கு என்ன தப்பு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா. நல்லாதான் அடிக்கறாங்க. அத சொன்னா அடுத்த வாரம் வர மாட்டாங்க.” கண்ணைச் சிமிட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்ற தன் மனைவியைப் பார்த்து, “ரிப்போர்ட் அக்கா வந்திருக்காங்க, டீ சொல்லு” என்றார்.

அவளும் சனிக்கிழமைகளில் அங்கே வருகிறாள், பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தோம். கோயில் வாசல் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வரப்போகிறது, வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறாள், தையற்காரர் கழுத்தை இறக்கி வெட்டிவிட்டார் என்று சொன்னாள். நல்ல தையற்காரர் ஒருவர் அல்சூரில் இருக்கிறார் என்று நான் சொன்னேன். என் கணவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது போலிருக்கிறது. ஆட்டக்காரர் திரையை அணைத்துவிட்டு, ஒரு கூடை நிறைய பந்துகளைக் கவிழ்த்து, தனக்காக அடிக்க ஆரம்பித்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் பந்துகள் போய்க்கொண்டிருந்தன. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பாக்காதீங்கக்கா” என்றாள். “யாரும் பாக்கலன்னா நல்லா அடிக்கறாரு.”

சரி என்று தலையாட்டிவிட்டு, கவுனுக்குக் கழுத்தில் ரிப்பன் வைத்து மூடிவிடலாமே என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, வெள்ளை ரிப்பனா, கிரீம் கலரா என்று கேட்டாள்.